ஆரோக்கியத்தின் மூக்கில் விழுந்த முத்திரை

நாலாவது அட்டையில் முத்திரை நேராக மூக்கின் மேலேயே விழுந்திருந்தது.

கொண்டுவந்தவள் சுமையா. ராஜகிரிப் பெண். பாபநாசத்தில் இந்த நாலு தெருவுக்கும் தபால் கொடுப்பவள். வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி, அட்டையை ஒரு முறை பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, "அக்கா, இன்னிக்கும் உங்க மூஞ்சி வந்திருக்கு" என்றாள்.

ஆரோக்கியம் கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தாள். முழங்கை வரை உளுந்து மாவு. தெருவில் பாதி வீட்டுக்குச் சாயங்கால தோசை அவள் அரைக்கிற மாவில்தான். ஈரமில்லாத இரண்டு விரல் நுனியால் அட்டையை வாங்கினாள். தபால்தலைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, அதே அளவில், அவளுடைய கல்யாண முகம். இருபத்தொரு வயது. தலையில் வெள்ளைப் பூக்கிரீடம். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம், வட்டத்துக்குள் 'வடக்கு மாங்கரை' என்ற ஊர்ப் பெயர், நடுவில் தேதி.

"மூக்குத்தி மாதிரி இருக்குக்கா" என்று சுமையா சமாளித்துப் பார்த்தாள்.

"எருமைக்குப் போடற மூக்கணாங்கயிறு மாதிரி இருக்கு" என்றாள் ஆரோக்கியம்.

கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த இருதயசாமி எட்டிப் பார்த்தார். அவருக்கு முதலில் தோன்றியது, 'ஆகா, என்ன தெளிவு! ஒரு எழுத்து சிதறவில்லையே' என்பது. இரண்டாவதாகத்தான் மனைவியின் முகம் தெரிந்தது. அவர் வாழ்க்கையில் வந்த தொல்லைகள் எல்லாமே இந்த வரிசையில் நினைப்பு வருவதால் வந்தவைதான்.

இருதயசாமி நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். மூட்டையில் கையை விட்டு நாலு நெல்லைக் கடித்தே ஈரப்பதம் சொல்லுவார்; மெஷின் அப்புறம் வந்து அதையே சொல்லும். மற்றபடி அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் தபால்தலை. அதிலும் புதுத் தபால்தலையைக் கண்ணாடித்தாளில் போட்டுப் பூட்டி வைக்கிற ரகம் இல்லை. எந்த ஊரில், எந்தத் தேதியில் முத்திரை விழுந்தது என்பதுதான் அவருக்கு முக்கியம். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தபாலாபீஸ். வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு போனபோதுகூட முதலில் தபாலாபீஸ் போய்விட்டுத்தான் கோயிலுக்குப் போனார். "மாதா கோவிச்சுக்கப் போறாங்க" என்று ஆரோக்கியம் சொன்னதற்கு, "மாதா கோயில் சாயங்காலமும் திறந்திருக்கும். இவன் மூணு மணிக்குத் தபால் பையைக் கட்டிடுவான்" என்று பதில் சொன்னவர்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம். காலையில் பூசை, மத்தியானம் நாற்பது பேருக்கு ஆட்டுக்கறிச் சாப்பாடு என்று ஏற்பாடு. அதற்கு மேல் தன் பங்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர் தலையைப் பிய்த்துக்கொண்டபோதுதான் அந்த யோசனை வந்தது. நம் படத்தைக் கொடுத்தால் தபால் துறையே தபால்தலையோடு சேர்த்து அச்சடித்துத் தருகிறது. ஒரு தாளில் பன்னிரண்டு. ஆரோக்கியத்தின் கல்யாணப் படத்தைக் கொடுத்து வாங்கினார். பன்னிரண்டு வெள்ளை அட்டையில் ஒட்டினார். பன்னிரண்டிலும் 'திருமதி ஆரோக்கியம் அம்மாள், பாபநாசம்' என்று முத்து முத்தாக விலாசம் எழுதினார். பிறகு, கொள்முதல் நிலையத்தில் பழைய கணக்கு பார்க்கக் கூப்பிடுகிறார்கள் என்று பொய் சொல்லிவிட்டு டிவிஎஸ் வண்டியில் கிளம்பி, மேற்கே திருக்காட்டுப்பள்ளியில் ஆரம்பித்து ஆற்றோடு கீழே இறங்கி, பன்னிரண்டு ஊர் ஆபீசில் ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தார்.

நல்ல யோசனைதான். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதல் அட்டை வந்த அன்று ஆரோக்கியம் சிரித்த சிரிப்பு மூன்றாவது வீட்டுக்குக் கேட்டது. "அட, நானா! ராஜா ராணி படம் போடற இடத்துல நானா!" அரை நிமிஷம் சிரித்திருப்பாள். "இது என்ன, கன்னத்துல கரி?"

"அது முத்திரை. முத்திரை விழுந்தாத்தான் அதுக்கு மதிப்பு."

அவள் அட்டையைத் திருப்பினாள். பின்பக்கம் இருந்ததைப் படித்தாள். உள்ளே போய் கிரைண்டரைப் போட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் பேசியது கிரைண்டர்தான். இரண்டாவது அட்டையில் காதோரம், மூன்றாவதில் கிரீடத்தில், நாலாவதில் மூக்கு. நாலாவதைப் பார்த்த பிறகு ஒரு வார்த்தை சொன்னாள். "ஞாயித்துக்கிழமை பூசைக்கு நீங்களே போயிட்டு வாங்க. நான் நாகப்பட்டினம் போறேன், ஜூலியட் வீட்டுக்கு. கறிக்கடைல சொல்ல வேண்டாம்."

ஜூலியட் அவர்கள் மகள். அவளுக்கு இவர் போன் போட்டார். அவள் பத்து நிமிஷம் சிரித்துவிட்டு, "அப்பா, அம்மா பெட்டி எடுத்து வச்சாச்சாம். சனிக்கிழமை சாயங்கால பஸ். அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க" என்று வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை தெருமுனையில் சுமையாவை மடக்கினார்.

"ஏம்மா, இன்னும் எட்டு அட்டை வரணும். வர்றதை எங்கிட்டக் குடுத்துடேன்."

"விலாசம் யார் பேருக்கு சார்?"

"என் சம்சாரம் பேருக்கு."

"அப்ப அவங்க தபால் சார் அது."

"எழுதினது நான்தானேம்மா!"

"பெட்டிக்குள்ள போட்டுட்டீங்கன்னா உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நீங்கதானே சார் நான் வேலைக்குச் சேந்தப்ப இதெல்லாம் ஒரு மணி நேரம் நிக்க வச்சுச் சொல்லிக் குடுத்தீங்க?"

சொல்லிக் கொடுத்திருந்தார். வெயிலில்.

திங்கள், செவ்வாயில் மீதி அட்டைகள் மூன்றும் நாலுமாக வந்து சேர்ந்தன. ஒன்றில் மீசை. ஒன்றில் ஒரு கண் போயிற்று. கோபத்தில் ஆரோக்கியத்தின் சமையல் இன்னும் நன்றாக இருக்கும். செவ்வாய்க்கிழமை விரால் மீன் குழம்பு வைத்திருந்தாள். இருதயசாமி அந்தக் குழம்பின் ருசியிலேயே தன் நிலைமை எவ்வளவு மோசம் என்று தெரிந்துகொண்டார். இரண்டாம் தடவை சோறு கேட்கப் பயமாக இருந்தது. கேட்டார்.

புதன்கிழமை காலை மேஜையில் அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரிப் பரப்பி வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை போட்டீங்க?"

"பன்னெண்டு."

"பதினொண்ணுதான் இருக்கு."

இருதயசாமிக்கு அது முந்தின நாளே தெரியும். "பூவனத்தங்குடி வரலை" என்றார்.

"வண்டியை எடுங்க."

"எங்க?"

"அங்கதான். போற வழியிலதானே இந்த மாங்கரை? என் மூக்குல குத்தின மகராசனை நேர்ல பாக்கணும்."

பின் சீட்டில் அவள் ஏறி உட்கார்ந்தபோது வண்டி ஒரு முனகு முனகியது. இவர் முனகவில்லை.

புரட்டாசி முடிகிற நேரம். குறுவை அறுப்பு. ரோட்டின் ஒரு பாதி முழுக்க நெல் காய்ந்தது. மறு பாதியில் பஸ், லாரி, அறுப்பு மெஷின், இவர்கள். வடகிழக்கில் மேகம் கட்டியிருந்தது. ஆட்கள் நெல்லைக் கூட்டுவதா, கிளறுவதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓரிடத்தில் இருதயசாமிக்கு வழக்கம்போல் கை துறுதுறுத்தது. வண்டியை நிறுத்தி, குனிந்து நாலு நெல்லை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார்.

"என்ன சார், தேறுமா?" என்று நெல்லுக்காரர் கேட்டார்.

"ஈரம் பத்தொம்பது இருக்கு. இன்னும் ஒரு வெயில் வேணும். தார்ப்பாயைக் கிட்டயே வச்சுக்குங்க."

"ஊர் நெல்லையெல்லாம் கடிச்சுப் பாத்துச் சொல்லத் தெரியுது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மேற்கொண்டு எதுவும் வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று யோசித்துக்கொண்டே நாலு கிலோமீட்டர் ஓட்டினார்.

வடக்கு மாங்கரைத் தபாலாபீஸ் ஒரு சைக்கிள் கடைக்குப் பக்கத்து அறை. அதன் போஸ்ட்மாஸ்டர் பஞ்சநதம், ஒல்லியாக, ரொம்ப மரியாதைக்காரர். ஆரோக்கியம் அட்டையை மேஜையில் வைத்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்கதானா இது? வாங்கம்மா, உக்காருங்க."

"உக்காரல்லாம் வேணாம். ஏங்க, உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்? இவ்வளவு பெரிய அட்டையில என் மூக்குதான் கிடைச்சுதா?"

பஞ்சநதத்தின் முகம் வெளுத்தது. "அம்மா, நானா குத்தலை. உத்தரவு." மேஜை டிராயரை இழுத்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். "சார் எழுதிக் குடுத்தது. என் பொண்ணுகூட வேண்டாம்ப்பான்னு சொன்னா. எழுத்துல குடுத்திருக்காரே, மீறலாமான்னு நான்தான்..."

ஆரோக்கியம் சீட்டைப் படித்தாள். முத்து முத்தான கையெழுத்து. 'முத்திரை தபால்தலையின் மேலும், அருகிலுள்ள படத்தின் மேலும் சேர்ந்து விழும்படி குத்தவும்.'

இருதயசாமி தொண்டையைச் செருமினார். "இதுல ஒரு விஷயம் இருக்கு. ரெண்டுலயும் சேந்து விழலைன்னா, படத்தை அப்புறமா கொண்டு வந்து ஒட்டினதுன்னு சொல்லிடுவான். சேக்கறவங்க மத்தியில செல்லாது..."

"பன்னெண்டு ஊருக்கும் குடுத்தீங்களா இந்தச் சீட்டு?"

"பன்னெண்டுக்கும்."

ஆரோக்கியம் பஞ்சநதத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "மன்னிச்சுக்குங்க. நீங்க குத்தினது சரிதான். ஆளைத்தான் மாத்திக் குத்திட்டீங்க." சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்குப் போனாள்.

பூவனத்தங்குடி இன்னும் எட்டு கிலோமீட்டர். அந்த எட்டு கிலோமீட்டரிலும் இருதயசாமி ஒரு குழியில்கூட வண்டியை விடவில்லை.

அங்கே தபாலாபீஸ் ஒரு வீட்டின் முன்னறை. பாதி அறையில் வீட்டுக்காரரின் யூரியா மூட்டை. மீதிப் பாதியில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் மாளவிகா. திருச்சிப் பக்கத்துப் பெண், இருபத்துமூன்று வயது. பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து வேலை கொடுத்து இங்கே போட்டிருந்தார்கள். மேஜைக்கு முன்னால் கூலிப்பணம் வாங்க ஏழெட்டுப் பேர். ரேகை வைக்கிற மெஷின் அவர்கள் விரலை ஏற்க மாட்டேன் என்றது. நாற்றுப் பறித்து, நடவு நட்டு, சேற்றில் ஊறி, ரேகையே தேய்ந்துபோன விரல்கள்.

"கமலாம்பா, விரலைத் தலையில தேச்சுட்டு வையி. எண்ணெ பட்டா விழும்" என்றார் வரிசையில் நின்ற சாமிதுரை.

"என் தலையில ஏது எண்ணெ? உன் தலையைக் காட்டு, தேச்சுக்கறேன்" என்றாள் கமலாம்பாள்.

"என் தலையில முடியே இல்லையே!"

"அதான் வழுக்கும், நல்லா விழும்."

சிரிப்பு அடங்கும்போது மாளவிகா நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். இருதயசாமியைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் ஆரோக்கியத்தைப் பார்த்தாள். எழுந்துவிட்டாள்.

"சார்... தப்புதான் சார். மேல சொல்லிடாதீங்க." டிராயரைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே பன்னிரண்டாவது அட்டை. ஒரு பொட்டு மை இல்லை. "நீங்க குடுத்த அன்னிக்கே முத்திரைச் சுத்தியலைத் தூக்கினேன் சார். இவங்க என்னையே பாக்கறாங்க. மறுநாளும் தூக்கினேன். அப்பவும் பாக்கறாங்க. கல்யாணப் பொண்ணு முகத்துல எப்படி சார் குத்தறது? கை வரலை."

"தபாலைப் பத்து நாள் நிறுத்தி வைக்கறதுங்கறது..." என்று இருதயசாமி ஆரம்பித்தார்.

"நீங்க வாயை மூடுங்க" என்றாள் ஆரோக்கியம். மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் முகவாயைத் தொட்டாள். "சாப்பிட்டியாம்மா?"

"இன்னும் இல்லக்கா."

"சாப்பிடு. உன்மேல ஒண்ணும் தப்பில்ல." அட்டையைக் கையில் எடுத்தாள். "இதுலயாவது ஏதாவது எழுதியிருக்காரா பாப்போம்." திருப்பி, எல்லோரும் கேட்கும்படி வாசித்தாள். "'பூவனத்தங்குடி கிளை அஞ்சலகம். பாபநாசத்திலிருந்து முப்பத்தொரு கிலோமீட்டர். பை கட்டும் நேரம் பிற்பகல் மூன்று. அட்டையின் எடை நாலு கிராம்.'"

வரிசை முழுக்க இருதயசாமியைத் திரும்பிப் பார்த்தது.

"நாலு கிராமா?" என்றாள் கமலாம்பாள்.

"நாலு கிராம்! பன்னெண்டு அட்டை. பன்னெண்டுலயும் முன்பக்கம் என் பேரு, என் மூஞ்சி. பின்பக்கம் தூரம், நேரம், எடை. நான் என்னங்க, நெல்லு மூட்டையா? ஈரப்பதம் ஒண்ணுதான் எழுதலை!"

"முத்திரைக்காகத்தானே நீ கோவிச்சுக்கிட்டு..."

"மூஞ்சியில மை பட்டா என்ன, மாவு பட்டா என்ன. தினம் படறதுதான். அதுக்கா ஒருத்தி பெட்டி கட்டுவா? முதல் அட்டையை ஆசையா திருப்பினேன். முப்பத்தஞ்சு வருஷத்துல எனக்குன்னு வந்த முதல் தபால். ஒரு வார்த்தை இல்ல. ரெண்டாவதுல இருக்கும்னு நினைச்சேன். அப்புறம் மூணாவதுல. பதினோரு தடவை திருப்பியிருக்கேன்."

இருதயசாமி தரையைப் பார்த்தார். யூரியா மூட்டையைப் பார்த்தார். பார்க்க வேறு இடம் இல்லை.

"தம்பி, இன்னும் அட்டை போகலைல்ல? எடம் இருந்தா எழுதிடு" என்றார் சாமிதுரை.

மாளவிகா பேனாவை நீட்டினாள். நாற்காலியையும் கொடுத்தாள். நாற்பது வருஷம் பட்டியல் எழுதிய கை, பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றது.

"அன்புள்ளன்னு ஆரம்பிங்கண்ணே" என்றாள் ஒருத்தி.

"கண்ணேன்னு போடு."

"போடி, இந்த வயசுல கண்ணேன்னா அந்தம்மா பயந்துக்கும்."

"நலம், நலமறிய ஆவல்னு போடுங்க. எல்லாத்துலயும் அதான் போடுவாங்க."

"ஒரே வீட்டுல இருக்கறவங்களுக்கு என்னடி நலமறிய ஆவல்? எந்திரிச்சுப் போய்ப் பாத்தாத் தெரியாதா?" என்றாள் கமலாம்பாள்.

அதைக் கேட்டு இருதயசாமி நிமிர்ந்தார். கமலாம்பாளைப் பார்த்து, 'அதுதான்' என்பதுபோல் தலையை ஆட்டினார். பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குக் காட்டாமல் எழுதுகிற மாதிரி இடது கையை மறைப்பாக வைத்துக்கொண்டு மூன்று நாலு வரி எழுதினார்.

ஆரோக்கியம் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. "தபால்ல வரட்டும்."

மாளவிகா சுத்தியலை மையில் ஒற்றினாள். "சார், எங்க குத்தணும்?"

"உனக்கு எங்க கை வருதோ அங்கம்மா."

"எனக்கு வராது சார்."

"குடு, நான் குத்தறேன்" என்றாள் ஆரோக்கியம்.

ஆபீஸ் முத்திரையை வெளியாள் தொடக்கூடாது. அந்த விதி எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுகூட இருதயசாமிக்குத் தெரியும். அவர் மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்று, அங்கே ஒட்டியிருந்த சேமிப்புத் திட்ட நோட்டீசை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். மாளவிகாவும் ஏதோ தேடுகிறவள் போல டிராயருக்குள் தலையை விட்டாள்.

ஆரோக்கியம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். தபால்தலையில் மட்டும் விழ வேண்டும், படத்தில் ஒரு பொட்டுப் படக்கூடாது. குனிந்தாள், குறி பார்த்தாள், மூச்சைப் பிடித்தாள். தோசைக்கல்லில் ஒரு கரண்டி மாவு சிந்தாமல் ஊற்றுகிற கை அது. டொக்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

கறுப்பு வட்டம் கல்யாணப் பெண்ணின் முகத்தை முழுசாக விழுங்கியிருந்தது. பூக்கிரீடம் மட்டும் மேலே தெரிந்தது.

"ஐயய்யோ! இந்தச் சனியன் இவ்வளவு வழுக்குமா!" என்றாள் ஆரோக்கியம். அப்புறம் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "பாவம், அந்த மாங்கரைக்காரர் மூக்கோட விட்டார்! நான்... நான் மொத்தமா..." வரிசை முழுக்கச் சிரித்தது. சிரித்த சிரிப்பில் கமலாம்பாளின் விரல் மெஷினில் அழுந்தி, ரேகை விழுந்துவிட்டது.

கிளம்புவதற்கு முன் ஆரோக்கியம் மாளவிகாவிடம் ஒரு போஸ்ட் கார்டு வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது தூறல் பிடித்தது. ரோட்டில் ஆட்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். இரண்டு பேரும் ஒரு கொள்முதல் நிலையத்துக் கொட்டகையில் ஒதுங்கினார்கள். இருதயசாமி தைரியத்தைத் திரட்டிக்கொண்டு கேட்டார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

"பதில் தபால்ல வரும்."

"ஆரோக்கியம், சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள கறிக்கடைல சொல்லியாகணும். அப்புறம் அவர் ஆடு பிடிக்க மாட்டார்."

"தபால்ல வரும்னேன்ல?"

வியாழக்கிழமை காலை அவள் தெருமுனைப் பெட்டியில் கார்டைப் போடுவதை இவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். இந்தப் பெட்டியிலிருந்து ஆபீஸ் போய், அங்கிருந்து பிரிக்கிற இடத்துக்குப் போய், மறுபடி ஆபீசுக்கு வந்து, பிறகு வாசலுக்கு வர வேண்டும். இருபது அடி தூரத்தில் சமையலறையில் பதில் இருந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷமாகத் தபாலைப் பற்றித் தெரியாதவர்களுக்கெல்லாம் தபாலின் பெருமையைச் சொன்னவர், அந்த இரண்டு நாளில் தபாலை மனதுக்குள் திட்டிய திட்டு வெளியில் சொல்லும்படி இல்லை.

வெள்ளிக்கிழமை வரவில்லை. பெட்டி கூடத்தில் அப்படியே இருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு வாசலுக்கு வந்து நின்றார். பதினொன்றுக்குக் கறிக்கடையிலிருந்து போன். "சார், ஆடு கேட்டீங்களே, என்ன பண்ண?" "இருங்க பாய், தபால் வரணும்." எதிர்முனையில் கத்தியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

பதினொன்று நாற்பதுக்கு சுமையாவின் ஸ்கூட்டி திரும்பியது.

"ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு" என்றாள். அவள் முகமே படித்துவிட்ட முகம்.

ஆரோக்கியம் உள்ளேயிருந்து வந்து தன் அட்டையை வாங்கினாள். மை விழுங்கிய முகத்தைப் பார்க்கவேயில்லை, நேராகத் திருப்பினாள். நாலு கிராமை அடித்துவிட்டு அதன் கீழே நெருக்கி எழுதியிருந்தது:

'ஆரோக்கியத்துக்கு. முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டோம். அதனால் உனக்குக் கடிதம் எழுத வேண்டிய அவசியம் ஒரு நாளும் வரவில்லை. எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டத்தில் அது பெரிது. இதை எழுதிய பிறகு எடை பார்க்கவில்லை.'

அவள் அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கூடத்திலிருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது.

இருதயசாமி தன் கார்டை ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். சட்டைப் பொத்தானைப் பாதி மட்டும் போட்டுக்கொண்டு வண்டியை உதைத்தார்.

"சார்! முத்திரை எப்படி விழுந்திருக்குன்னு பாக்கவேயில்லையே!" என்று சுமையா கத்தினாள்.

"இருக்கட்டும்மா, மணியாவுது!"

கறிக்கடையில் ஏகக் கூட்டம். புரட்டாசி முடிந்த முதல் சனிக்கிழமை. பாய் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "சொல்லுங்க சார், எவ்வளவு?" என்றார். இருதயசாமி கார்டை நீட்டினார். பாய் கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கி, கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, லிஸ்ட் படிக்கிற குரலில் படித்தார்.

"'பத்து கிலோ பத்தாது. பன்னெண்டாச் சொல்லுங்க. எலும்போட. ஈரல் தனியா. சுமையாவையும் மாங்கரைக்காரரையும் கூப்பிடணும். நான் நீலப் பட்டு கட்டறேன், பக்கத்துல நிக்கும்போது கொஞ்சம் சிரிச்ச மாதிரி நில்லுங்க.'"

கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பாய் கேட்டார்:

"கடைசியா சொன்ன சிரிப்பு எத்தனை கிலோ சார்?"